ஆனவண்டியில் அட்டையை வைத்ததும் உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா?

திருவனந்தபுரத்தில் பஸ் ஏறியவர்களுக்கு ஒரு கேள்வி நன்றாகப் பழகியிருக்கும்: "சில்லற உண்டோ?" தம்பானூரில் ஐந்நூறு ரூபாய் நோட்டோடு ஏறிவிட்டு, பாளையத்துக்குப் பத்து ரூபாய் டிக்கெட் கேட்பவர் ஒரு பக்கம். மீதிக் காசுக்குப் பை முழுக்கத் துழாவும் கண்டக்டர் இன்னொரு பக்கம். இந்த இழுபறிக்கு முடிவு கட்டத்தான் வந்திருக்கிறது கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் டிராவல் கார்டு. மலையாளிகள் 'ஆனவண்டி' என்று செல்லமாக அழைக்கும் அதே கே.எஸ்.ஆர்.டி.சி.தான்!

அட்டையின் விலை 100 ரூபாய். குறைந்தது 50 ரூபாய் ஏற்றலாம், அதிகபட்சம் 3,000. வாங்குவதற்கு அலுவலகம் தேடி அலைய வேண்டாம், பஸ்ஸில் வரும் கண்டக்டரே தருவார், அவரே ரீசார்ஜும் செய்துவிடுவார். 2022-ல் இந்த அட்டை முதலில் வந்தது திருவனந்தபுரத்தின் சிட்டி சர்க்குலர் பஸ்களுக்காக. சிட்டி சர்க்குலர் தெரியுமல்லவா? 2021 நவம்பரில் தொடங்கிய சேவை. தடங்களுக்கு எண்ணுக்குப் பதிலாக நிறம்! சிவப்பு, நீலம், மெஜந்தா, மஞ்சள், ஊதா, பழுப்பு, பச்சை. ஒரே வட்டத்தில் சில பஸ்கள் கடிகாரச் சுற்றில் போகும், சில பஸ்கள் எதிர்ச்சுற்றில் வரும். மலையாளம் படிக்கத் தெரியாதவர்கூட நிறத்தைப் பார்த்து ஏறிவிடலாம்! 50 ரூபாய்க்கு 'குட் டே' டிக்கெட் எடுத்தால் 24 மணி நேரம் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம் என்ற வசதியும் அதில் வந்தது. அங்கே பழகிய அட்டைதான் 2025-ல் புதுப்பிறவி எடுத்து மாநிலம் முழுக்கப் பரவியது.

சரி, அந்த அட்டைக்குள் பேட்டரி இருக்கிறதா? கிடையவே கிடையாது! பின் எப்படி வேலை செய்கிறது? இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய அதிசயம். தொட்டால் போதும் என்கிற வகை அட்டைகளின் ஓரத்தை ஒட்டி, பிளாஸ்டிக்குக்கு நடுவே, மெல்லிய உலோகக் கம்பி சில சுற்றுகள் சுற்றியிருக்கும். அதன் முனையில் அரிசிமணியைவிடச் சின்னதாக ஒரு சிப். அட்டையை வாசிக்கும் கருவி நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை துடிக்கும் காந்தப் புலத்தை ஓயாமல் வீசிக்கொண்டிருக்கிறது. அட்டை அதற்குள் நுழைந்ததும் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான், வேறொன்றுமில்லை! கருவி கொடுக்கும் மின்சாரத்திலேயே சிப் விழித்து, அந்தப் புலத்தையே லேசாக அசைத்துப் பதில் சொல்கிறது. இரண்டும் ரகசியச் சாவியை வைத்து ஒன்றையொன்று சோதித்துக்கொண்ட பிறகுதான் பணப் பேச்சு. இத்தனையும் அரை நொடிக்குள் முடிந்துவிட வேண்டும் என்பதுதான் உலகப் போக்குவரத்து நிறுவனங்கள் வைத்திருக்கும் எதிர்பார்ப்பு. ஏறக்குறைய நாம் கண்ணை இமைத்துத் திறக்கும் நேரம்!

ஒரு முன்னெச்சரிக்கை: இப்படிப்பட்ட அட்டைகள் இரண்டு மூன்றை ஒரே பர்ஸில் வைத்து, பர்ஸோடு காட்டாதீர்கள். எல்லாச் சிப்பும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். கருவி திணறும், இல்லையென்றால் நீங்கள் நினைக்காத அட்டையிலிருந்து பணம் எடுத்துவிடும். லண்டனில் இதற்காகப் பயணிகளுக்குத் தனியாக அறிவிப்பே கொடுத்து வருகிறார்கள்.

இந்த அட்டைகளின் குடும்ப வரலாறு ஒரு துப்பறியும் கதை போலவே இருக்கும். 1994-ல் ஆஸ்திரியாவின் மிக்ரான் என்ற சின்ன நிறுவனம் 'மைஃபேர்' என்ற சிப்பைக் கொண்டுவந்தது. 1996-ல் சியோல் நகர பஸ்களில் அது பெரிய அளவில் ஏறியது. அடுத்த ஆண்டே, 1997 செப்டம்பர் 1 அன்று, ஜப்பானின் சோனி உருவாக்கிய இன்னொரு வகைச் சிப்போடு ஹாங்காங்கில் 'ஆக்டோபஸ்' வந்தது. மூன்றே மாதத்தில் 30 லட்சம் அட்டைகள்! இன்று அங்கே ரயிலுக்கும் படகுக்கும் மட்டுமா? ரொட்டிக் கடை, வாகன நிறுத்தம், சில கட்டடங்களில் கதவுச் சாவி, எல்லாம் அதே அட்டைதான். நம் நாட்டில் 2002 டிசம்பரில் டெல்லி மெட்ரோ ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே ஸ்மார்ட் கார்டு உண்டு. லண்டனின் 'ஆய்ஸ்டர்' 2003-ல் பிறந்தது. 2014 ஜூலை 6 முதல் லண்டன் பஸ்களில் ரொக்கமே வாங்குவதில்லை!

துப்பறியும் கதை என்றேனே, திருப்பம் 2008-ல். நெதர்லாந்தின் நைமேகன் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மைஃபேர் கிளாசிக் சிப்பின் ரகசியப் பூட்டை உடைத்துக் காட்டினார்கள். ஆய்வுக் கட்டுரையை வெளியிடக் கூடாது என்று சிப் நிறுவனம் நீதிமன்றம் போனது. வெளியிடலாம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது! விளைவு? லண்டன் உட்படப் பல நகரங்கள் இன்னும் வலுவான சிப்புக்கு மாறின. பூட்டு உடைந்ததை மறைத்திருந்தால் அந்த மாற்றம் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா? அந்த நீதிபதிக்கு உலகப் பயணிகள் எல்லோருமே கடன்பட்டிருக்கிறார்கள் என்பேன்.

ஏன் 3,000 ரூபாய்க்கு மேல் ஏற்ற முடியாது, தெரியுமா? அது ரிசர்வ் வங்கியின் கோடு. பொதுப் போக்குவரத்துக்கான ப்ரீபெய்டு அட்டைகளில் 3,000 ரூபாய்க்கு மேல் இருப்பு இருக்கக் கூடாது என்பது அதன் விதி. அந்த எல்லைக்குள் நின்றால் ஆதார் கேட்க வேண்டாம், பான் கேட்க வேண்டாம், வங்கிக் கணக்கும் வேண்டாம். ஆனால் ஏற்றிய பணத்தைத் திரும்ப ரொக்கமாக எடுக்க முடியாது. ஆகவே இரண்டு நாள் பத்மநாபசுவாமி கோயிலையும் கோவளத்தையும் பார்க்க வருகிறவர் ஆசைப்பட்டு ஆயிரக்கணக்கில் ஏற்ற வேண்டாம். தினமும் போய்வருகிறவருக்குக் கணக்கு வேறு. 1,000 ரூபாய் ஏற்றினால் 40 ரூபாயும், 2,000 ஏற்றினால் 100 ரூபாயும் கூடுதலாகத் தரும் சலுகையோடுதான் கே.எஸ்.ஆர்.டி.சி. இதை அறிமுகப்படுத்தியது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான்: இந்த அட்டையை வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்! காலையில் அப்பா, மத்தியானம் அம்மா, சாயங்காலம் டியூஷனுக்குப் போகும் பிள்ளை. ஜிபே வந்த பிறகு அட்டை எதற்கு என்று கேட்பவர்கள் தம்பானூரிலிருந்து மெடிக்கல் காலேஜ் போகும் பஸ்ஸில் ஒருநாள் நின்று பார்க்க வேண்டும். ரீஜனல் கேன்சர் சென்டரும் ஸ்ரீசித்ரா மருத்துவமனையும் அந்த வளாகத்தில்தான். மார்த்தாண்டம், நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நம் ஜனங்கள் கையில் ஃபைலும் தூக்குவாளியுமாக வந்து இறங்குகிறார்கள். துணைக்கு வந்த பாட்டியிடம் ஸ்மார்ட்போன் இருக்காது. இருந்தாலும் நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரகசிய எண்ணை அழுத்த முடியாது. அட்டையை நீட்டலாம், அவ்வளவுதான். மொழி வேண்டாம், சிக்னல் வேண்டாம், சார்ஜ் வேண்டாம்.

சாதாரண அட்டை மேல் ஜனங்களுக்கு எவ்வளவு பற்று என்பதற்கு சிங்கப்பூர் சாட்சி. 2024 ஜனவரியில், பழைய வகை ஈஸி-லிங்க் அட்டைகளை நிறுத்திவிட்டு புது முறைக்கு எல்லோரும் மாற வேண்டும் என்று அங்கே அறிவித்தார்கள். புது முறையில் ரயில் நிலைய வாசலில் மீதி இருப்பு தெரியாது. எவ்வளவு போனது, எவ்வளவு இருக்கிறது என்று அந்த இடத்திலேயே பார்க்க வேண்டும் என்று மக்கள் கொதித்தார்கள். இரண்டே வாரத்தில் அரசு இறங்கிவந்தது! பழைய முறையையும் தொடர்ந்து நடத்த 4 கோடி சிங்கப்பூர் டாலர் ஒதுக்கியது. கையிலிருக்கும் காசைக் கண்ணால் பார்க்க நினைப்பது எத்தனை நியாயமான ஆசை!

இன்னொரு ஆச்சரியம், இது நம்மைத் தொடுவது. திருவனந்தபுரத்து அரசு பஸ்ஸின் பூர்விகமே லண்டன் தொடர்புதான். லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் இருந்த இ.ஜி. சால்ட்டர் என்பவரை அழைத்து வந்துதான் திருவிதாங்கூர் சமஸ்தானம் போக்குவரத்துத் துறையை அமைத்தது. இங்கிலாந்திலிருந்து 60 காமர் சேசிஸ்கள் இறங்கின. பஸ்ஸின் உடலைக் கட்டியது இங்கே, மரத்தில்! ஏறக்குறைய 100 பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்பெக்டர்களாகவும் கண்டக்டர்களாகவும் நியமித்தார்கள். 1938 பிப்ரவரி 20 அன்று மகாராஜா சித்திரைத் திருநாள் தொடங்கிவைத்தார். மைலுக்கு அரைச் சக்கரம் (சக்கரம் என்பது திருவிதாங்கூர் நாணயம்) கட்டணம். முதல் தடம் எது தெரியுமா? திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி!

அன்று அந்தத் தடம் முழுவதும் ஒரே சமஸ்தானம், ஒரே காசு, ஒரே டிக்கெட். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இன்று எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி இரண்டு மாநில பஸ்களும் ஓடுகின்றன. ஆனவண்டி அட்டையோ ஆனவண்டிக்கு மட்டும்தான் உரியது. நாகர்கோவிலிலிருந்து தமிழ்நாட்டு பஸ்ஸில் கிளம்பி, தம்பானூரில் மாறி, மெடிக்கல் காலேஜ் போகும் குடும்பத்துக்கு ஒரே அட்டை போதும் என்று ஆக வேண்டாமா? முடியாத காரியமே இல்லை! எந்த ஊர் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் செல்ல வேண்டும் என்ற நோக்கத்தோடு தேசியப் பொதுப் பயண அட்டை 2019 மார்ச் 4 அன்றே அறிமுகமாகிவிட்டது. அந்த வகையைச் சேர்ந்த சிங்காரச் சென்னை அட்டை 2023 ஏப்ரலில் சென்னை மெட்ரோவுக்கு வந்து, 2025 ஜனவரியில் மாநகர பஸ்ஸுக்கும் ஏறிவிட்டது. தொழில்நுட்பம் கையில் தயார். இரண்டு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்து, களியக்காவிளை வழியாகப் போகும் பஸ்களிலிருந்தே இதைத் தொடங்கலாம்.