லாரிக்குச் சீட்டு எழுதும் யந்திர மூளை!

"அண்ணே, சேலத்துல 100 மூட்டை ஜவ்வரிசி ரெடியா இருக்குதுங்க. நாக்பூர் போகணும். போன வாரம் வந்த வண்டியவே அனுப்பிடுங்க."

போனில் இவ்வளவுதான் பேச்சு. நாமக்கல் லாரி ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இது போதும். எந்த ஆலை, எந்த வண்டி, யாருக்குச் சரக்கு எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இதே பேச்சை இன்றைய செயற்கை அறிவு யந்திரத்திடம் சொல்லுங்கள். அதற்கும் புரிகிறது. தமிழிலேயே பதில் சொல்லுகிறது. பதில் சொன்னால் லாரி நகருமா? நகராது! அதற்கு "இ-வே பில்" வேண்டும்.

கட்டத்துக்குக் கட்டம் சட்டம்

இ-வே பில் என்பது சரக்கோடு போகும் சீட்டு. கம்ப்யூட்டரில் எடுப்பது. 2018-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி நாடு முழுவதும் அமுலுக்கு வந்தது. வெளி மாநிலத்துக்குப் போகும் சரக்கின் மதிப்பு 50 ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் இந்தச் சீட்டு இல்லாமல் போகக் கூடாது.

சீட்டில் இரண்டு பகுதி உண்டு. அனுப்புகிறவர், வாங்குகிறவர், பில் நம்பர், தேதி, மதிப்பு, போய்ச் சேரும் ஊரின் பின்கோடு ஆகியவை முதல் பகுதி. வண்டி நம்பர் இரண்டாம் பகுதி.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஜி.எஸ்.டி. எண் என்றால் எழுத்தும் இலக்கமுமாக 15 இருக்க வேண்டும். தமிழ்நாட்டு வியாபாரியின் எண் 33 என்று தொடங்கும். பின்கோடு 6 இலக்கம். லாரியில் போனால் 1 என்று போட வேண்டும். ரெயில் 2, விமானம் 3, கப்பல் 4. "வண்டியில்" என்று எழுதினால் ஏற்காது!

சரக்குக்கும் எண் உண்டு. நாம் ஜவ்வரிசி என்கிறோம். வடக்கே சாபுதானா என்கிறார்கள். சீட்டில் அது 1903. நாக்பூர் அதிகாரிக்கும் அதே 1903தான்.

கை இல்லாத குமாஸ்தா

செயற்கை அறிவு யந்திரத்துக்குக் கை கிடையாது. எழுத்தை எழுத மட்டுமே தெரியும். பிறகு எப்படி வேலை செய்கிறது?

மென்பொருள் அமைப்பவர் அதனிடம் ஒரு பட்டியல் கொடுக்கிறார். "வண்டி தேடு", "பில் தேடு", "சீட்டு எடு" என்று வேலைகளின் பெயர் அதில் இருக்கும். எந்த வேலை எதற்கு என்ற விளக்கமும், நிரப்ப வேண்டிய கட்டங்களும் இருக்கும். யந்திரம் வேலையைத் தேர்ந்தெடுத்து, கட்டங்களை நிரப்பித் தருகிறது. அதைச் சரிபார்த்து வேலையை நடத்துவது வேறொரு சாதாரண புரோகிராம். விடை யந்திரத்திடம் திரும்பி வரும். அதைப் படித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகும்.

கட்டங்களை எழுதும் முறைக்கு "ஜேசன்" என்று பெயர். இடது பக்கம் கட்டத்தின் பெயர், நடுவில் இரட்டைப் புள்ளி, வலது பக்கம் விவரம். அவ்வளவுதான். இ-வே பில்களை மொத்தமாக எடுக்கும்போது அரசின் தளம் வாங்கிக்கொள்வதும் ஜேசன் கோப்புதான்.

2023 ஜூனில் ஓப்பன்ஏஐ கம்பெனி தன் யந்திரத்துக்கு இப்படிப் பட்டியல் கொடுக்கும் வசதியை வெளியிட்டது. 2024 ஆகஸ்டில், கட்டத்தின் அமைப்பை மீறாமல் எழுதும் வசதியும் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆந்த்ரோபிக் கம்பெனி, பல மென்பொருள்களும் யந்திரங்களும் ஒரே முறையில் இணைய ஒரு பொது ஏற்பாட்டை வெளியிட்டது.

ஆபத்து எங்கே?

"போன வாரம் வந்த வண்டி" என்றாரே, அது எது? யந்திரத்துக்குத் தெரியாது. ஆனால், கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டால், அது சும்மா இருக்காது. டி.என்.28 என்று நாமக்கல் நம்பர் போலவே ஒன்றை எழுதி வைத்துவிடும்! பார்வைக்கு ஒரு குறையும் இருக்காது. சரிபார்க்கும் புரோகிராமும் விட்டுவிடும். அது பார்ப்பது நம்பரின் வடிவத்தைத்தானே!

வழியில் அதிகாரி லாரியை நிறுத்துகிறார். ஒன்றிரண்டு எழுத்து தப்பு என்றால் 1,000 ரூபாய் அபராதத்தோடு விடலாம் என்று 2018 செப்டம்பர் 14-ந்தேதி சுற்றறிக்கை சொல்கிறது. நம்பரே வேறு என்றால்? லாரியைப் பிடித்து வைக்கலாம். 2022 முதல், சரக்கின் சொந்தக்காரர் முன்வந்தால் வரியைப்போல் 2 மடங்கு அபராதம் கட்டித்தான் மீட்க வேண்டும். அதுவரை டிரைவர் முன்பின் தெரியாத ஊரில் வண்டியைக் காத்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

ஆகவே, கட்டத்தை அமைப்பவர்தான் இங்கே பெரிய ஆள். கெட்டிக்காரர் என்ன செய்வார்? வண்டி நம்பரை யந்திரம் தானாக எழுத விடமாட்டார். கம்பெனியின் வண்டிப் பட்டியலில் தேடி, அதில் உள்ளதை மட்டும் எடுக்கச் சொல்வார். "தெரியவில்லை" என்று சொல்லவும் ஒரு கட்டம் வைப்பார். அப்போது யந்திரம், "போன வாரம் 2 வண்டி போயிருக்கின்றன. எதை அனுப்பலாம்?" என்று திருப்பிக் கேட்கும்.

அளவிலும் இதே கதைதான். 100 என்றால் மூட்டையா, கிலோவா? நாமக்கல்லில் முட்டை விலை கேட்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு முட்டைக்கு ஒரு விலை, 30 முட்டை அட்டைக்கு ஒரு விலை, 210 முட்டைப் பெட்டிக்கு ஒரு விலை! கட்டத்தின் பெயர் "அளவு" என்று மொட்டையாக இருந்தால் குழப்பம்தான். "எடை, கிலோவில்" என்று இருந்தால் தப்பு குறையும்.

பின்கோடும் விளையாட்டல்ல. அதை வைத்துத்தான் தூரம் கணக்காகிறது. சாதாரண சரக்கு லாரிக்கு 200 கிலோ மீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சீட்டு செல்லும். பக்கத்து ஊர்ப் பின்கோடு விழுந்துவிட்டால், லாரி பாதி வழியில் போகும்போதே சீட்டு காலாவதி!

வண்டி நம்பரையாவது வழியில் மாற்றிப் பதியலாம். முதல் பகுதியைத் திருத்தவே முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து, புதிதாக எடுக்க வேண்டும். இடையில் அதிகாரி சரிபார்த்துவிட்டால் ரத்து செய்யவும் வழியில்லை. அதனால் "வண்டி தேடு", "பில் தேடு" ஆகிய வேலைகளை யந்திரத்தின் இஷ்டத்துக்கு விடலாம். "சீட்டு எடு" என்பதற்கு மட்டும் பூட்டு! நிரப்பிய கட்டங்களைக் குமாஸ்தா திரையில் பார்த்து, "சரி" என்று அழுத்திய பிறகே அது திறக்கும்.