தருமம் வேண்டாம், வேலை கொடுங்கள்!

ஜப்பானில் ‘மான்சாய்’ என்றொரு மேடைக்கலை உண்டு. இரண்டு பேர் நின்று மாறி மாறிப் பேசியே அரங்கத்தைச் சிரிக்க வைப்பார்கள். அவர்களுக்கு நடுவில், ஒற்றைக் கம்பியின் மேல் ஒரு மைக் இருக்கும். சோனி நிறுவனத்தின் சி-38பி. அந்த மைக் இல்லாத மான்சாய் மேடையை ஜப்பானியர்களால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதுவும், பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடகர்கள் விரும்பிக் கேட்கும் சி-800ஜி மைக்கும் ஒரே தொழிற்சாலையில்தான் தயாராகின்றன. க்யூஷூ தீவில், பெப்பு நகரை ஒட்டிய ஹிஜி என்ற ஊரில் இருக்கும் ‘சோனி தையோ’ அது. அங்கே வேலை பார்ப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மாற்றுத்திறனாளிகள்.

மைக்கை வாங்குகிறவருக்கு இது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சோனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான மசாரு இபுகா இந்தத் தொழிற்சாலைக்கு ஒரு கொள்கையை வகுத்தார். மாற்றுத்திறனாளி என்பதற்காக எந்தச் சலுகையும் கிடையாது. மற்றவர்கள் செய்வதைவிட நல்ல பொருளாக இருக்க வேண்டும் என்பதே அது. இபுகாவின் மகள் ஒருவர் அறிவுசார் குறைபாட்டோடு பிறந்தவர். இரக்கம் எவ்வளவு தூரம் கூட வரும், எந்த இடத்தில் கைவிடும் என்பதை அறிந்த ஒரு தகப்பனின் கண்டிப்பு இது. கேட்பதற்குக் கடுமையாக இருந்தாலும், ஒரு தொழிலாளிக்குக் காட்டக்கூடிய முழு மரியாதை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் வித்திட்டவர் ஒரு மருத்துவர். பெப்புவில் 1927-ல் பிறந்த யுதாகா நகாமுரா, எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர். 1960-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனைக்குச் சென்றார். மருத்துவர் லுட்விக் குட்மன் அங்கே தண்டுவடம் அடிபட்டவர்களுக்குச் சிகிச்சையோடு விளையாட்டையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் வந்த நோயாளிகளில் 85 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் சமூக வாழ்க்கைக்குத் திரும்பினார்கள். அதே காயத்தோடு ஜப்பானில் இருந்தவர்களோ வருடக்கணக்கில் கட்டிலில் கிடந்தார்கள். நகாமுராவை உலுக்கியது இந்த வித்தியாசம்தான்.

ஊர் திரும்பியவர், மறு ஆண்டே ஓயிட்டா மாகாணத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு விளையாட்டுப் போட்டி நடத்தினார். “ஊனமுற்றவர்களை வேடிக்கைப் பொருளாக்குகிறாயா?” என்று சக மருத்துவர்களே சீறினார்கள். அவர் அசரவில்லை. 1964-ல் டோக்கியோவில் பாராலிம்பிக் நடந்தபோது ஜப்பான் அணியை அவர்தான் வழிநடத்தினார். அங்கே பதக்கத்தைவிட அவரைப் பாதித்த விஷயம் வேறு. வெளிநாட்டு வீரர்களில் பலர் வக்கீல், குமாஸ்தா, மெக்கானிக் என்று ஏதாவது ஒரு வேலையில் இருந்தார்கள். போட்டி முடிந்த மாலையில் நண்பர்களோடு கடைவீதிக்குப் போனார்கள். ஜப்பான் வீரர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைகளிலிருந்தும் காப்பகங்களிலிருந்தும் வந்தவர்கள். போட்டி முடிந்ததும் அங்கேயேதான் திரும்ப வேண்டியிருந்தது.

விளையாட்டு மட்டும் போதாது, சம்பளம் வேண்டும் என்ற முடிவுக்கு நகாமுரா வந்தது அப்போதுதான். 1965-ல் பெப்புவின் கமெகாவா பகுதியில் ‘தையோ நோ இயே’யைத் தொடங்கினார். சூரியனின் வீடு என்று பொருள். அந்தப் பெயரைச் சூட்டியவர் எழுத்தாளர் சுதோமு மிஸுகாமி. முதுகெலும்புக் குறைபாட்டோடு பிறந்த மகளின் தகப்பன் அவர். அத்தகைய பிள்ளைகளுக்கு அரசு என்ன செய்கிறது என்று பிரதமருக்கே பகிரங்கக் கடிதம் எழுதியவர். தருமம் வேண்டாம், வாய்ப்பு கொடுங்கள் என்பது சூரிய வீட்டின் முழக்கமானது. வரிப்பணத்தில் வாழ்பவர்களை வரி கட்டுகிறவர்களாக மாற்ற வேண்டும் என்று நகாமுரா விரும்பினார்.

முழக்கம் சுலபம், ஆர்டர் பிடிப்பதுதான் கஷ்டம். மூங்கில் வேலை, மரவேலை, தையல் என்று ஆரம்பித்தார்கள். கையால் செய்யும் இந்தப் பொருட்களில் வந்த வருமானத்தை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. அது ஜப்பானின் மின்னணுத் தொழில் கிடுகிடுவென்று வளர்ந்துகொண்டிருந்த காலம். அந்த வேலையில் பங்கு கேட்டு நகாமுரா நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கினார். கதவுகள் திறக்கவில்லை. கடைசியில் சரியென்று சொன்னவர், மின்னணு நிறுவனமான ஓம்ரானின் நிறுவனர் கசுமா ததேயிஷி. 1972-ல் ‘ஓம்ரான் தையோ’ பிறந்தது. பிறகு 1978-ல் சோனி, 1981-ல் ஹோண்டா, 1983-ல் மிட்சுபிஷி கார்ப்பரேஷன் என்று வரிசையாக வந்தன. சொய்ச்சிரோ ஹோண்டா தொழிற்கூடத்தைச் சுற்றிப் பார்த்துக் கண் கலங்கினார், ‘ஹோண்டாவும் இப்படிப்பட்ட வேலையைச் செய்தாக வேண்டும்’ என்றார் என்று அந்நிறுவனத்தின் வரலாற்றில் இன்றும் சொல்கிறார்கள்.

பெரிய நிறுவனங்கள் இங்கே கொண்டுவந்தது நன்கொடையை அல்ல. தொழில்நுட்பம், இயந்திரம், நிரந்தர ஆர்டர், தரக் கட்டுப்பாடு ஆகியவற்றைத்தான். மருத்துவக் கவனிப்பு, தங்கும் வசதி, பயிற்சி ஆகியவை சூரிய வீட்டின் பொறுப்பு. தண்டுவடம் அடிபட்ட பலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இருக்காது. ஒரே நிலையில் உட்கார்ந்தால் புண் வரும், வலி தெரியாததால் அது முற்றிய பிறகே தெரியும். ஆகவே மருத்துவமும் தொழிற்சாலையும் அடுத்தடுத்து இருப்பது இங்கே சௌகரியத்துக்காக மட்டும் இல்லை. வளாகத்தில் வங்கிக் கிளை இருக்கிறது, கடை இருக்கிறது. கல்லாவில் சக்கர நாற்காலியில் இருப்பவர் உட்கார்ந்திருப்பார். அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் அங்கேதான் சாமான் வாங்குகின்றன. ஊரும் தொழிற்சாலையும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

வேலை மேடையின் அருகில் போய்ப் பார்த்தால்தான் சூட்சுமம் புரியும். ரிலே சாக்கெட் போன்ற ஒரு மின்சாதனப் பாகத்தை ஒருவர் பூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக இடது கை சாக்கெட்டின் உடலைப் பிடித்திருக்கும், வலது கை உலோக முள்ளைச் செருகும். ஒரு கைதான் இயங்குகிறது என்றால் வேலையே கிடையாது என்றுதான் வழக்கமான தொழிற்சாலை சொல்லும். இங்கே இன்னொரு கைக்குப் பதிலாக ஒரு ‘ஜிக்’ வருகிறது. பொருளை அசையாமல் கவ்விப் பிடிக்கும் சின்னத் தாங்கி அது. விரலால் திருகு பிடிக்க முடியாதவருக்கு உள்ளங்கையால் அழுத்தும் நெம்புகோல். எண்ணுவது சிரமம் என்றால், பத்துக் குழிகள் கொண்ட தட்டு. குழி நிரம்பினால் பத்து. எந்தப் பெட்டியிலிருந்து எடுப்பது என்று குழம்புபவருக்கு, அடுத்து எடுக்க வேண்டிய பெட்டியின் மேல் எரியும் விளக்கு. காது கேளாதவருக்கு அபாய மணிக்குப் பதில் சுழலும் வெளிச்சம். பாகங்கள் வைக்கும் அலமாரி, உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் இடிக்காத நடைபாதை.

இவற்றில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பெரும்பாலானவை அந்தந்தத் தொழிற்சாலையிலேயே, அந்தந்த ஆளுக்கென்று செய்யப்படும் எளிய கருவிகள். ஆனால் அதற்கு முன் ஒரு பொறியாளர் அந்த ஆளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவரால் எது முடிகிறது, எந்த இடத்தில் கை திணறுகிறது என்று பொறுமையாகக் கவனிக்க வேண்டும். ஆளை வேலைக்கேற்ப வளைக்காமல், வேலையை ஆளுக்கேற்ப வளைக்க வேண்டும். இப்படிச் செய்த கருவி மற்றவர்களின் பிழைகளையும் குறைக்கும். பத்துக் குழித் தட்டை வைத்து எண்ணினால் யாருக்குமே எண்ணிக்கை தப்பாது.

நல்லெண்ணத்தை மட்டும் நம்பி ஜப்பான் உட்கார்ந்துவிடவில்லை. 1960-லேயே உடல் ஊனமுற்றோர் வேலைவாய்ப்புக்குச் சட்டம் வந்தது. 1976-ல் அது கட்டாயமானது. அப்போது தனியார் நிறுவனங்களின் ஊழியர்களில் 1.5 சதவீதம் பேர் உடல் ஊனமுற்றோராக இருக்க வேண்டும் என்றது. 2024 ஏப்ரலில் 2.5 சதவீதம், 2026 ஜூலையிலிருந்து 2.7 சதவீதம் என்று உயர்த்தியிருக்கிறார்கள். 2.7 சதவீதம் என்றால், ஆயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் 27 பேர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும். நூறு பேருக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனம், குறைகிற ஒவ்வொரு ஆளுக்கும் மாதம் 50,000 யென் கட்ட வேண்டும். அந்தப் பணம் கூடுதலாக வேலை கொடுக்கும் நிறுவனங்களுக்கு உதவித்தொகையாகப் போகிறது.

சட்டம் வந்தால் சந்தும் வரும். 2018-ல் ஜப்பானின் மத்திய அமைச்சகங்களே தகுதியில்லாதவர்களை மாற்றுத்திறனாளிகள் கணக்கில் சேர்த்துக் காட்டியது அம்பலமானது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொய்க்கணக்கு. சில நிறுவனங்கள் தங்கள் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத வாடகைத் தோட்டங்களில் ஆட்களை வைத்துக் காய்கறி வளர்க்கச் செய்து சதவீதத்தை நிரப்புவதும் சர்ச்சையானது. சோனி தையோ, ஓம்ரான் தையோ போன்ற துணை நிறுவனங்களின் ஊழியர்களைத் தாய் நிறுவனத்தின் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. இதன் மேலும் நியாயமான கேள்வி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிக் கட்டடம், தனி நிறுவனம் என்றால், தலைமை அலுவலகத்தில் அவர்கள் எப்போது மேலாளர் ஆவது?

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. மற்ற யாரும் கதவு திறக்காத 1972-ல் தனித் தொழிற்சாலை ஒரு பெரிய பாய்ச்சல். இன்று அதையே எல்லையாக வைத்துக்கொள்வது தவறு. அங்கே கற்றுக்கொண்ட வித்தையைத் தாய் நிறுவனம் தன் ஒவ்வொரு மாடிக்கும் எடுத்துப் போக வேண்டும். உலகத் தரத்தில் மைக் செய்கிறவர்களிடம் இனியும் திறமைக்குச் சான்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு மாற்றுத்திறனாளி உங்கள் எதிரே வந்து உட்காரும்போது, “உங்களால் இதைச் செய்ய முடியுமா?” என்று கேட்காதீர்கள். “நீங்கள் இதைச் செய்ய, நாங்கள் இங்கே எதை மாற்ற வேண்டும்?” என்று கேளுங்கள். பதிலைக் குறித்துக்கொண்டு, அன்றே உங்கள் பொறியாளரையும் கூப்பிட்டுப் பேசுங்கள்.