பழைய சூரியனும் ஒரு சி நிரலும்

நம் கோடைக்கானல் மலைமேல் உள்ள வானாய்வகம் 1899-இல் நிறுவப்பட்டு, 1901 முதல் சூரியனைப் படித்துவருவது பலர் அறிந்ததே. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டது அங்கேதான். அங்கு எடுத்த பழைய கண்ணாடித் தகட்டுப் படங்கள் இன்று 'ஃபிட்ஸ்' என்னும் கணினிக் கோப்புகளாகக் கிடைக்கின்றன.

1921-ஆம் ஆண்டுப் படம் ஒன்றைச் சி மொழியில் திறந்து, ஒளியளவின் சராசரியும் திட்ட விலக்கமும் காண முனைந்தேன். பூம்பாறையில் பூண்டுக்குக் களையெடுக்கும் என் தந்தை, "தாத்தா காலத்துச் சூரியனா? எனக்கும் காட்டுடா" என்றார். காட்டுவதாக வாக்களித்துவிட்டேன்.

திரையில் வந்ததோ பிழைச் செய்தி. நான் எழுதிய பெயர் 'ஃபிட்ஸ்_ரீட்_பிக்ஸ்'. செய்தி கேட்டதோ 'எஃப்எஃப்ஜிபிஎக்ஸ்வி'! எழுதாத பெயருக்கு எங்கே போவது? இரண்டு நாள் விழித்தேன்.

நண்பர்களே, நிரல் இரண்டு கட்டங்களில் உருவாகிறது. முதலில் கம்பைலர் நம் வரிகளை இயந்திர மொழியாக்குகிறது. இன்ன பெயரில் ஒரு சார்பு உண்டு என்று ஹெடர் கோப்பு சொன்னால் அதற்குப் போதும். ஃபிட்ஸ் ஹெடர் நீண்ட பெயர்களைச் சுருக்கியும் விடுகிறது. அந்த விசித்திரப் பெயர் வந்த வழி அதுதான். அடுத்து லிங்கர் அந்தச் சார்பின் உடலைத் தேடுகிறது. அது இருப்பது நூலகக் கோப்பில். கல்யாணப் பத்திரிகையில் விருந்து என்று அச்சிட்டிருந்தாலும் சோறு சமையற்கட்டில்தானே!

எந்த நூலகம் என்பதை நாமே சொல்ல வேண்டும். 'லிப்சிஃபிட்ஸ்ஐஓ' என்ற கோப்பானால், முன்னுள்ள 'லிப்'பை நீக்கி, '-எல்' சேர்த்து, '-எல்சிஃபிட்ஸ்ஐஓ' என எழுதுவோம். வர்க்கமூலத்திற்குக் கணித நூலகம், '-எல்எம்'.

அப்படியும் பிழை தீரவில்லை. நூலகங்களை நிரலின் பெயருக்கு முன்னால் எழுதியிருந்தேன். லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. நூலகத்தை எட்டும்போது தேவை எதுவும் எழாததால் ஒன்றும் எடுக்காமல் கடந்துவிடுகிறது. ஆகவே நிரல் முதலில், அடுத்துச் சிஃபிட்ஸ்ஐஓ, அதற்கே கணிதம் தேவைப்படுவதால் '-எல்எம்' கடைசியில். நூலகத்தையே காணோம் என்று செய்தி வந்தால் அது வேறு நோய். '-பெரிய எல்' இட்டு, அது இருக்கும் அடைவைக் காட்ட வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை இரண்டு எண்கள் திரையில் வந்தன. தந்தையை அழைத்துக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "சூரியன் எங்கேடா?" என்றார்.

படம் வரைய வேறொரு நூலகத்தை இணைக்க வேண்டும். அதில்தான் இப்போது இருக்கிறேன்.