ஓசு எடுக்காமற்போன படம்: கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து ஜப்பானியத் திரைக்கலையைக் காணல்

1943ஆம் ஆண்டில் யசுஜிரோ ஓசு என்னும் ஜப்பானியத் திரைப்பட இயக்குநர் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். அந்நகருக்கு அப்போது ஷோனான் என்று பெயர். முன்னர்ச் சீனப் போர்முனையில் காலாட்படை வீரராகப் பணியாற்றித் திரும்பியவர் அவர். இம்முறை படக்கருவியோடு வந்தார். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்றிருந்த இந்திய விடுதலைப் போராட்டத்தைப் பற்றிப் பரப்புரைப் படம் ஒன்று எடுப்பது அவருக்கு இடப்பட்ட பணிகளுள் ஒன்று. 'டில்லியை நோக்கி, டில்லியை நோக்கி' என்பதே அப்படத்திற்கு எண்ணியிருந்த பெயரின் பொருள். போரின் போக்கு மாறியது, படம் கைவிடப்பட்டது. ஜப்பான் சரணடைந்தபோது எடுத்தவரையிலான படச்சுருளும் கதையேடும் எரிக்கப்பட்டன என்று திரைவரலாற்று ஆசிரியர்கள் எழுதுவர்.

அப்படம் எடுக்கப்பட்டிருந்தால் அதில் அணிவகுத்து நின்றிருப்பவர் யாவர்? இந்தியத் தேசிய இராணுவத்தில் மலாயாவிலிருந்து சேர்ந்த குடிமக்களுள் பெரும்பகுதியினர் தோட்டப்புறத் தமிழர். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களுள்ளும் பால்மரம் சீவிய கைகள் பல. உலகத் திரைக்கலையின் பேராசான்களுள் ஒருவராக இன்று போற்றப்படும் ஓசுவின் படக்கருவி நம் மக்களின் முகங்களுக்கு முன் வந்து நின்று, பின்னர்த் திரும்பிச் சென்றுவிட்டது. ஜப்பானியத் திரைப்படத்தை நாம் எங்கிருந்து காண்கிறோம் என்ற கேள்விக்கு இச்செய்தி நல்ல தொடக்கமாக அமைகிறது.

இக்கேள்வி நம் வட்டாரத்திற்கே உரியது. பாரிஸிலோ நியூயார்க்கிலோ உள்ள சுவைஞர் ஜப்பானியப் படத்தைத் தொலைதூரக் கலையாகக் கண்டு வியக்கலாம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள நமக்கு அந்தத் தொலைவு இல்லை. 1942 ஜனவரி 11ஆம் நாள் ஜப்பானியப் படை கோலாலம்பூருக்குள் நுழைந்தது. அதன் பிறகான மூன்றரை ஆண்டுகளை 'ஜப்பான்காரன் காலம்' என்ற ஒற்றைத் தொடரால் நம் முதியோர் சுட்டினர். மரவள்ளிக்கிழங்கும், வாழைமரம் அச்சிட்ட செல்லாப் பணத்தாளும், சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களும் அத்தொடருக்குள் அடங்கும். 1982இல் 'கிழக்கு நோக்கும் கொள்கை' அறிவிக்கப்பட்ட பின்னர் வளர்ந்த தலைமுறைக்கோ ஜப்பான் என்பது உழைப்பும் ஒழுங்கும் உதவித்தொகையும் ஆகும். இன்றைய மாணவருக்கு அது உயிரூட்டப்படம். ஒரே வீட்டில் மூன்று ஜப்பான்கள் இருந்திருக்கின்றன.

இன்னொரு செய்தியையும் இங்குச் சொல்லியாக வேண்டும். சயாம்–பர்மா இரயில்பாதைக்கு ஆள் போதாதபோது, மலாயாவில் சில இடங்களில் இலவசப் படக்காட்சி என்று அறிவித்து, கொட்டகை நிறைந்ததும் கதவை அடைத்து, உள்ளிருந்த ஆண்களை இரயிலேற்றினர் என்ற செய்தி அக்காலக் குறிப்புகளில் காணப்படுகிறது. திரைப்படம் நம்மவருக்குக் கண்ணியாகவும் வைக்கப்பட்டிருக்கிறது. இதை அறிந்தபின்னும் ஜப்பானியத் திரைக்கலையைச் சுவைக்க இயலுமா? இயலும் என்பதே நம் கருத்து. ஆனால் அந்தச் சுவைப்பு எதையும் மறந்து நிகழ வேண்டியதில்லை.

ஓசுவிடமே மீள்வோம். போர் முடிந்தபின் அவர் சிங்கப்பூரின் ஜூரோங் பகுதியிலிருந்த தடுப்பு முகாமில் வைக்கப்பட்டார். அங்கே இரப்பர்த் தோப்பில் வேலை செய்தார். (தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலையைச் சில மாதங்கள் அவரும் செய்தார் என்பதற்கு மேல் இதற்குப் பொருள் கற்பிக்க வேண்டா.) ஓய்வு வேளையில் உடனிருந்தோருடன் சேர்ந்து தொடர்பாட்டு இயற்றினார். ஒருவர் பாடிய அடிகளை அடுத்தவர் பற்றிக்கொண்டு வேறு திசைக்கு நகர்த்தும் ஜப்பானிய மரபு அது. தாயகம் செல்லும் முதற் கப்பலுக்குச் சீட்டுக் குலுக்கியபோது அவர் பெயர் வந்தது. மனைவி மக்கள் உள்ளவர்கள் முதலில் போகட்டும் என்று இடத்தை விட்டுக்கொடுத்துப் பின்தங்கினார். 1946 பிப்ரவரியில்தான் ஹிரோஷிமா மாநிலக் கரையில் இறங்கினார்.

சிங்கப்பூரில் இருந்த காலத்தில் அவர் ஓயாது படம் பார்த்தார். ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றப்பட்ட அமெரிக்கப் படங்கள் அங்குக் குவிந்திருந்தன. 'சிட்டிசன் கேன்' அவற்றுள் ஒன்று. படக்கருவி துள்ளிப் பறக்கும் அப்படங்களை வியந்து பார்த்தவர், நாடு திரும்பிய பின் அதற்கு நேர்மாறான வழியில் சென்றார்.

1953இல் வெளிவந்த 'டோக்கியோ கதை'யை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூருக்கு உடன்வந்த யூஹாரு அட்சுதாவே இதன் ஒளிப்பதிவாளர். ஓனோமிச்சி என்னும் கடலோர ஊரில் வாழும் முதிய தம்பதியர் டோக்கியோவில் உள்ள மக்களைக் காணச் செல்கின்றனர். மகன் மருத்துவர்; மகள் அழகு நிலையம் நடத்துபவர். இருவருக்கும் நேரமில்லை. பெற்றோரைச் செலவு குறைந்த வெந்நீரூற்று விடுதி ஒன்றுக்கு அனுப்பிவைக்கின்றனர். அங்கோ இரவெல்லாம் கூச்சல். போரில் மாண்ட இளைய மகனின் மனைவி நோரிக்கோ மட்டுமே விடுப்பெடுத்து அவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுகிறாள். வீடு திரும்பியதும் தாய் இறக்கிறாள். கதை இவ்வளவே.

இதில் கொடியவர் எவரும் இலர். மகள் கடுமையாகப் பேசுகிறாள். ஆனால் தாயின் சாவுச் செய்தியில் முதலில் குலுங்கி அழுபவளும் அவளே. அழுது முடித்ததும் தாயின் ஆடைகளுள் தனக்கு எது என்று கேட்பவளும் அவளே. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைக்கும் ஓசு, எது உண்மை என்று தீர்ப்பளிப்பதில்லை. நம் மேடை நாடகங்களிலும் பல தமிழ்ப் படங்களிலும் நன்றி மறந்த மக்கள் இறுதியில் காலில் விழுவர், அல்லது தண்டனை பெறுவர். அந்த ஆறுதல் இங்கில்லை.

படக்கருவி தரையிலிருந்து சற்றே உயர்ந்த மட்டத்தில், பாயில் அமர்ந்திருப்பவரின் கண்ணுயரத்திற்கும் கீழே நிற்கிறது. ஓரிரு இடங்கள் நீங்கலாக அசைவதே இல்லை. பாய் விரித்து உட்கார்ந்து உண்ட தலைமுறையினர்க்கு இப்பார்வை அயலானதன்று. மாணவர்க்கு இதை எளிதில் விளக்கலாம். பேசுவோர் போனபின்னும் வெற்றறை சில நொடிகள் திரையில் நிற்கிறது. வெளியே துணி காய்கிறது, இரயில் போகிறது. ஒரு காட்சியிலிருந்து மற்றதற்குச் செல்லும் இந்த இடைவெளிகளில் அந்தத் தொடர்பாட்டு மரபின் தாவலை நாம் காண்கிறோம். முன்னதை விளக்காமல், பின்னதை அறிவிக்காமல், அருகருகே வைத்துவிட்டு அவர் விலகிக்கொள்கிறார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்களைத் தேடிக் கோலாலம்பூர், கிள்ளான் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்த நம் முதியோரின் கதையை அறிந்தவர்களுக்கு இப்படம் மிக அருகில் நிற்கும். பகல் முழுதும் பூட்டிய கதவுக்குப் பின்னால், 'உங்களுக்கு ஏன் சிரமம், நாங்கள் போய்விடுகிறோம்' என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். தந்தையாக நடித்த சிஷூ ரியூவுக்கு அப்போது வயது ஐம்பதுகூட ஆகவில்லை என்பதை மாணவர் நம்ப மறுப்பர்.

இவ்வளவு நெருங்கிய படத்தில்தான் நம் வினாவும் எழுகிறது. நோரிக்கோவின் அறையில் மாண்ட கணவனின் நிழற்படம் இருக்கிறது. அவன் எந்த மண்ணில், யாரோடு போரிட்டு, என்ன செய்து மாண்டான் என்பதில் படம் நாட்டம் கொள்ளவில்லை. இழப்பு இருக்கிறது, அவ்விழப்பு நிகழ்ந்த இடம் இல்லை. ஓசுவின் இறுதிப் படத்தில் (1962) முன்னாள் கடற்படைக் கப்பல் தலைவர் ஒருவர் மதுக்கூடத்தில் பழைய படைவீரரோடு பேசுகிறார். வென்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற பேச்சு வருகையில், தோற்றதே நல்லதென்று புன்னகையோடு சொல்கிறார். மென்மையான, துணிச்சலான இடம் அது. ஆயினும் அங்கும் பேச்சு ஜப்பானுக்குள்ளேயே முடிகிறது. மலாயாவில் ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் வாழ்ந்தவரின் படங்களில் மலாயா ஒரு வெற்றறையாகவே நிற்கிறது.

இந்தக் குறை ஓசுவுக்கு மட்டும் உரியதன்று. கோன் இச்சிகாவாவின் 'பர்மிய யாழ்' (1956) போரை வெறுக்கும் படங்களுள் உள்ளத்தை உருக்குவது. மிசுஷிமா என்னும் வீரன் புத்தத் துறவியாகி, சிதறிக்கிடக்கும் பிணங்களை அடக்கம் செய்யும் பொருட்டுத் தாயகம் திரும்பாமல் பர்மாவிலேயே தங்கிவிடுகிறான். அவன் புதைப்பவை பெரிதும் தன் நாட்டவர் உடல்களே. அதே பர்மாவில், தான்பியூசாயாட்டில் முடியும் 415 கிலோமீட்டர் இரயில்பாதையின் ஓரத்தில், காலராவிலும் பசியிலும் மாண்ட தமிழ்த் தொழிலாளரின் எண்ணிக்கை பல்லாயிரம். அவர்களுக்கு யாழிசை இல்லை. மேலைநாட்டார் எடுத்த 'குவாய் நதிப் பாலம்' (1957) இதில் மேம்பட்டதன்று. மூலநாவலை எழுதிய பியர் பூல் போருக்கு முன் மலாயாவில் இரப்பர்த் தோட்டத்தில் பணிபுரிந்தவர். படம் பிடிக்கப்பட்ட இடமோ இலங்கை. இருந்தும் திரையில் பாலம் கட்டுவோர் வெள்ளைப் போர்க்கைதிகளே.

இவ்வகையில் விதிவிலக்காக நிற்பவர் மசாகி கோபயாஷி. அவருடைய 'மனித நிலை' (1959–1961) மூன்று பகுதிகளாக ஒன்பது மணி நேரத்திற்கும் மேல் ஓடுவது. மஞ்சூரியச் சுரங்கம் ஒன்றுக்குத் தொழிலாளர் மேற்பார்வையாளனாகச் செல்லும் காஜி, மனிதரை மனிதராக நடத்தினால் உற்பத்தியும் பெருகும் என்று நம்புகிறவன். சீனப் போர்க்கைதிகள் அடைத்த இரயில்பெட்டிகளில் வந்து சேர்கின்றனர். கதவு திறந்ததும் பசியால் நிலைகுலைந்து உணவு வண்டியை நோக்கிப் பாய்கின்றனர். அவர்களைச் சுற்றி மின்கம்பி வேலி. காஜி நல்லவன், ஆயினும் அந்த வேலியின் இப்புறம் நிற்பவன். நல்லெண்ணம் கொண்டவன் கொடிய அமைப்பிற்குள் பணியாற்றினால் அமைப்பு மென்மையாகுமா, அவன் கறைபடுவானா என்பதே படத்தின் வினா. கைதிகள் தலை வெட்டப்படும் காட்சியில் அவன் தடுக்க முன்வருகையில் சிலர் ஏற்கெனவே மாண்டுவிட்டனர். கோபயாஷி தாமும் மஞ்சூரியாவில் வீரராயிருந்து, பதவி உயர்வை மறுத்தவர். சயாம் சென்ற நம்மவரின் வரலாற்றை அறிந்த எவரும் அந்த இரயில்பெட்டிக் காட்சியை அசையாது பார்த்தல் அரிது. ஓசுவை மிகச் சிறந்த கலைஞர் என்போம். ஆனால் நம் வகுப்பறைக்கு ஒரே ஒரு ஜப்பானியப் படம்தான் என்றால் 'மனித நிலை'யின் முதற் பகுதியையே தேர்வோம்.

மற்றவற்றை விரைந்து சுட்டலாம். மிசோகுச்சியின் 'உகெட்சு' (1953) போர்க்காலத்தில் பொருளும் புகழும் தேடிப் போகும் ஆடவரால் பெண்டிர் படும் பாட்டைப் பேய்க்கதையாகச் சொல்கிறது. குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' (1954) நம் பக்கத்துப் படங்களிலும் பல உருவில் வந்துபோனதால் அறிமுகம் வேண்டாதது. அதே ஆண்டில் வந்த 'காட்ஸில்லா'வைப் பிள்ளை விளையாட்டென்று தள்ளுவோர், அணுகுண்டுச் சோதனையால் எழும் விலங்கு அது என்பதை மறக்கின்றனர். தகஹாத்தாவின் 'மின்மினிகளின் கல்லறை' (1988) பசியால் சாகும் இரு சிறார் கதை. உயிரூட்டப்படம் என்றால் சிரிப்பு என்றெண்ணும் மாணவர்க்கு அதைக் காட்டும் ஆசிரியர் கைக்குட்டையோடு செல்வது நலம்.

குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டும். ஒரு கொலை, சாட்சியர் பலர், ஒவ்வொருவர் சொல்லும் வேறு. எது நிகழ்ந்தது என்பது இறுதிவரை உறுதியாவதில்லை. இதன் தாக்கத்தால் பிறந்தது என்று பரவலாகச் சொல்லப்படும் தமிழ்ப் படம் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954). பாடலே இல்லாத அப்படத்தில் வானொலிப் பொறியாளன் ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். அவன் ஜப்பானியருக்கு இரகசியம் விற்ற துரோகி என்பது பின்னர்த் தெரிகிறது. தமிழ்ப் படத்தில் உண்மை முடிவில் வெளியாகிவிடுகிறது; அவ்வகையில் அது மூலத்தினும் அடக்கமானதே. நமக்கு முதன்மையானது அதன் நாள். 1943 அக்டோபர் 11, சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய நாள் அது.

ஆறு நாள் கழித்து, அக்டோபர் 17இல், சயாம்–பர்மா இரயில்பாதையின் இருமுனைகளும் இணைந்தன. மேலும் நான்கு நாள் கழித்து, அக்டோபர் 21இல், சிங்கப்பூரில் போஸ் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். ஜப்பான் அதன் நட்பு நாடு. பத்து நாளுக்குள் தமிழருக்கு ஜப்பான் பகைவனாகவும், கொலைக்களனாகவும், தோழனாகவும் இருந்திருக்கிறது. ஒரே தோட்டத்திலிருந்து ஒருவன் சயாமுக்கும் இன்னொருவன் போஸின் படைக்கும் போன காலம் அது. நம் எழுத்தாளர்கள் இதை எழுதாமல் விடவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இருக்கிறது. அ. ரெங்கசாமி இரயில்பாதைக்கு 'நினைவுச்சின்னம்' நாவலையும், தேசிய இராணுவத்திற்கு 'இமையத் தியாகம்' நாவலையும் தந்தார். ஒரே கை இரு சாட்சியத்தையும் எழுதியது.

ஆகவே ஆசிரியர்களுக்கு நாம் முன்வைக்கும் பயிற்சி இது. 'ரஷோமோன்' படத்தைப் பார்த்தபின், 1943 அக்டோபர் மாதத்தை மாணவர் மூன்று சாட்சியரின் வாய்மொழியாக எழுதட்டும்: சென்னையில் குண்டோசை கேட்டவர், சயாமில் தண்டவாளம் சுமந்தவர், சிங்கப்பூரில் அணிவகுத்து நின்ற பெண். ஜப்பானிய ஆண்டுத் திரைப்பட விழா கோலாலம்பூரில் நடக்கும் நாள்களை ஒட்டி இதைச் செய்தால் வகுப்பு இன்னும் உயிர்பெறும். ஆர்வம் மிகுந்த மாணவர் நான்காம் சாட்சி ஒருவரையும் சேர்க்கலாம்: அந்த அக்டோபரில் சிங்கப்பூரில் இருந்த, படக்கருவியோடு வந்த நாற்பது வயதை எட்டும் இயக்குநர்.