வட்டைக்கும் வீட்டுக்கும் ஒரே வாகனமா? வாங்குமுன் பார்க்கவேண்டிய கணக்கு

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று போன்ற கரையோர ஊர்களில் வாழும் விவசாயிக்கு வீடு ஓரிடம், வயல் வேறிடம். வீடு கடலோரத்தில் இருக்க, வயல் மேற்கே சம்மாந்துறை, நாவிதன்வெளி, இறக்காமம் எனப் பல மைல்களுக்கு அப்பால் கிடக்கிறது. எமது முன்னோர் மாட்டு வண்டியில் போய், வட்டையில் வாடி அமைத்துத் தங்கி, சூடடித்து முடிந்த பின்னரே ஊர் திரும்பினார்கள்.

இடப்பெயர்வு இந்தத் தூரத்தை மேலும் கடினமாக்கியது. வன்செயல் காலத்தில் வயலுக்குப் போகமுடியாமல் பல காணிகள் காடாயின. 2004 டிசெம்பர் 26 இல் கடல் பொங்கியபோது வீடும் வளவும் போயின. வீடிழந்தோரில் ஒரு பகுதியினர் கல்முனை கிறீன் பீல்ட் தொடர்மாடி, சாய்ந்தமருது பொலிவேரியன் கிராமம் போன்ற இடங்களில் குடியேறினர். முன்பு வளவில் உழவு இயந்திரம் நின்றது, நெல் மூடை அடுக்கப்பட்டது. தொடர்மாடியில் அதற்கெல்லாம் இடமில்லை. ஆகவே விதைநெல்லும் பசளையும் ஏற்றவும், கூலியாட்களைக் கொண்டுபோகவும், பிள்ளைகளைப் பாடசாலைக்கும் தாயை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிச்செல்லவும் ஒரே வாகனம் இருந்தால் நல்லது என்ற எண்ணம் பல குடும்பங்களில் உண்டு. வெளிநாட்டில் உழைத்த பணமோ மனைவியின் நகையோ கையில் இருக்கும்போது, நான்கு சில்லும் இழுக்கும் ஒரு டபுள் கெப் மீது மனம் போகிறது.

அந்த ஆசை தவறானதல்ல. ஆனால் கெப் வந்து வயல் போன கதையாக அது முடிந்துவிடக் கூடாது. அதற்காகவே இக்கணக்கை எழுதுகிறோம்.

கெப் எங்கிருந்து வந்தது?

வேலைக்கும் குடும்பத்துக்கும் ஒரே வாகனம் என்ற யோசனை விவசாயக் குடும்பங்களிலிருந்தே பிறந்தது. 1932 இல் அவுஸ்திரேலியாவில் ஒரு விவசாயியின் மனைவி போர்ட் கம்பனிக்குக் கடிதம் எழுதி, ஞாயிறன்று தேவாலயத்துக்குப் போகவும் திங்களன்று பண்ணை விலங்குகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஏற்ற ஒரு வாகனத்தைக் கேட்டதாகச் சொல்வார்கள். 1934 இல் அத்தகைய வாகனம் அங்கே விற்பனைக்கு வந்தது. ஜப்பானில் டொயோட்டா கம்பனி 1968 இல் ஹைலக்ஸ் கெப்பை வெளியிட்டது. நான்கு சில்லும் இழுக்கும் வகையும், இரண்டு வரிசை இருக்கை கொண்ட டபுள் கெப்பும் பின்னரே வந்தன.

எமது வீதிகளில் டபுள் கெப் பெருவாரியாக ஓடியது 2005 இல். சுனாமி நிவாரண நிறுவனங்களின் வெள்ளை வாகனங்களை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அவை போகாத ஒழுங்கை இல்லை. ஆனால் அவற்றின் டீசலுக்கும் ரயருக்கும் திருத்த வேலைக்கும் பணம் கொடுத்தவர்கள் வேறு. எமது வாசலில் நிற்கும் கெப்புக்கு நாமே கொடுக்கவேண்டும்.

சுமைக் கணக்கு

நடுத்தர அளவிலான கெப் சாதாரணமாக ஒரு தொன் வரை சுமக்கும். சரியான அளவு அந்தந்த வாகனத்தின் கைநூலில் இருக்கும். இந்த ஒரு தொன்னில் ஏறும் ஆட்களின் நிறையும் அடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நெல் மூடை ஒன்று 65 கிலோ என்று கொள்வோம். சாரதியோடு ஐந்து பெரியவர்கள் இருந்தால் ஏறக்குறைய 350 கிலோ. மீதி 650 கிலோவுக்குப் பத்து மூடைதான் ஏற்றலாம். ஒரு ஏக்கரில் 25 மூடை விளைந்தால், அந்த ஒரு ஏக்கர் நெல்லை ஆட்களோடு கொண்டுவர மூன்று தடவை ஓடவேண்டும்.

பெட்டியின் நீளத்தையும் பாருங்கள். டபுள் கெப்பின் பெட்டி ஏறக்குறைய ஐந்து அடி. ஒரே வரிசை இருக்கை கொண்ட சிங்கிள் கெப்புக்கு ஏழு அடிக்கு மேல் இருக்கும். ஆகவே அறுவடையைச் சந்தைக்குக் கொண்டுபோவதுதான் முக்கிய தேவை என்றால் டபுள் கெப் பொருத்தமல்ல. அந்தச் சில நாட்களுக்கு லொறியோ உழவு இயந்திரப் பெட்டியோ வாடகைக்குப் பிடிப்பதே இலாபம். விதைநெல், பசளை, கிருமிநாசினி, தண்ணீர்ப் பம்பி, நான்கு ஆட்கள் என்றால் டபுள் கெப் நன்கு உதவும். இரவில் வயற்காவலில் பாம்பு தீண்டியவரை விரைந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதற்கும் அது லேண்ட்மாஸ்டரைவிட எவ்வளவோ மேல்.

நான்கு சில்லும் இழுப்பது எப்போது?

சாதாரண கெப்பில் எஞ்சினின் வலு பின்சில்லுகளுக்கு மட்டுமே போகிறது. பெட்டி வெறுமையாக இருந்தால் பின்பக்கம் பாரமற்று, சேற்றில் சில்லு சுற்றுமே தவிர வண்டி நகராது. நான்கு சில்லும் இழுக்கும் கெப்பில், வேண்டும்போது ஒரு நெம்புகோலை அல்லது பொத்தானைக் கொண்டு முன்சில்லுகளுக்கும் வலுவை அனுப்பலாம். இதில் இரண்டு நிலை உண்டு. உயர் நிலை ஈரமான கிரவல் பாதைக்கும் மணலுக்கும். தாழ் நிலை ஆழமான சேற்றில் மெதுவாக, பலமாக இழுப்பதற்கு.

பெரும்பாலான கெப்களில் இதைக் காய்ந்த தார் வீதியில் போடக்கூடாது. வளைவில் முன்சில்லும் பின்சில்லும் வெவ்வேறு தூரம் ஓடவேண்டும். இரண்டையும் இறுக்கிப் பிணைத்துவிட்டால் ரயர் தேயும், உள்ளே பற்சில்லுகள் உடையும்.

எமது பகுதியில் இதன் தேவை எத்தனை நாள்? பெரும்போக விதைப்பு ஒக்டோபர், நவம்பரில் நடக்கிறது. அதோடு வடகீழ்ப் பருவமழையும் வருகிறது. ஜனவரி வரை வாய்க்கால் கட்டுகளும் களிமண் பாதைகளும் சேறாகக் கிடக்கும். பசளை போடுவதும் இக்காலத்தில்தான். பெப்ரவரி, மார்ச் அறுவடையில் நிலம் பெரும்பாலும் காய்ந்துவிடும். சிறுபோகம் முழுவதும் வெயில். ஆக, வருடத்தில் இரண்டு மூன்று மாதங்களே நான்கு சில்லின் உதவி தேவை. ஆனால் அதற்கான மேலதிகப் பாகங்களின் பாரத்தையும் டீசலையும் ஒயிலையும் பன்னிரண்டு மாதமும் சுமக்கவேண்டும். உங்கள் வயல் கிரவல் வீதியோரத்தில் இருந்தால் சாதாரண கெப்போ, சிறிய பட்டா வாகனமோ போதும். கடைசி இரண்டு மைல் களிமண் என்றால் மட்டுமே நான்கு சில்லைப் பற்றி யோசியுங்கள்.

ஓடும் நீருக்கு எதிராக எந்தச் சில்லும் உதவாது

நான்கு சில்லும் இழுப்பதால் வெள்ளத்தையும் கடக்கலாம் என்று நினைப்பது பெரும் ஆபத்து. கிட்டங்கி வீதியும் மாவடிப்பள்ளி வீதியும் மாரியில் நீரில் மூழ்குவது எமக்குத் தெரியும். 2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றது. இளம் உயிர்கள் பறிபோயின. உழவு இயந்திரத்தின் பெரிய சில்லுகளுக்கே அந்த நிலை. இரண்டு அடி உயரத்தில் ஓடும் நீர் கெப்பையும் மிதக்கவைத்துத் தள்ளிவிடும். சில்லு தரையில் படாதபோது அது நான்கானால் என்ன, இரண்டானால் என்ன? நீர் வடியும்வரை காத்திருங்கள். வேளாண்மை அழிந்தாலும் அடுத்த போகம் உண்டு.

தவணை பன்னிரண்டு, அறுவடை இரண்டு

சம்பளகாரருக்கு மாதாமாதம் பணம் வருகிறது. லீசிங் தவணையும் மாதாமாதம் வருகிறது. விவசாயிக்கோ வருடத்தில் இரண்டு முறை, சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைக்காத வட்டையில் ஒரே முறைதான் பணம் வரும். இடையில் உள்ள மாதங்களில் தவணையை எங்கிருந்து கட்டுவது? கடைக்காரரிடம் கடன், பிறகு நகை, பிறகு காணி உறுதி என்று அது நீளும். வட்டியை விலக்கும் குடும்பங்கள் இஜாரா முறையை நாடுகின்றன. அதிலும் ஒப்பந்தம் முடியும்வரை வாகனம் நிறுவனத்துக்கே சொந்தம், வாடகையும் தவறாது கட்டவேண்டும்.

ஆகவே கையொப்பமிடுமுன் மூன்றைக் கேளுங்கள். அறுவடைக்கு அறுவடை கட்டும் ஏற்பாடு உண்டா? ஒரு போகம் அழிந்தால் எத்தனை மாத அவகாசம்? தவறினால் வாகனத்தை எடுத்த பின்னும் மீதிக் கடன் எம்மேல் நிற்குமா? பதிலை எழுத்தில் பெறுங்கள். காணி உறுதியை மட்டும் எக்காரணம் கொண்டும் வாகனத்துக்காகப் பிணை வைக்கவேண்டாம்.

2022 யூன் மாதத்தில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவுக்குப் போனதையும், அதற்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும் நினைவில் வைத்துச் செலவைக் கணக்கிடுங்கள்.

பழைய வாகனம் வாங்குவோர் கவனத்துக்கு

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய கெப்களின் விலை மிக உயர்ந்தது. 2025 இல் இறக்குமதி மீண்டும் தொடங்கினாலும் வரி அதிகம் என்பதால் பலர் பழையதையே தேடுகின்றனர். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின், செசி இலக்கங்களை ஒப்பிடுங்கள். எமது உப்புக் காற்று இரும்பைத் தின்னும். ஆகவே கீழே படுத்து, செசியில் துரு உண்டா என்று சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கியர்ப்பெட்டி ஒயிலும் டிபரன்ஷல் ஒயிலும் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. நான்கு சில்லையும் இயக்கி, சேற்றிலோ மணலிலோ ஓட்டிப் பாருங்கள். பல வருடம் பாவிக்காததால் அது இறுகிக் கிடக்கக்கூடும்.

தனியாகவா, கூட்டாகவா?

ஐந்து ஏக்கருக்குக் குறைவாகச் செய்யும் குடும்பம் ஒரு கெப்பைத் தனியாகத் தாங்குவது கடினம். ஒரே வட்டையில் வயல் உள்ள மூன்று நான்கு குடும்பங்கள், சகோதரர்களோ மச்சான்மாரோ, சேர்ந்து வாங்கலாம். அப்படியானால் யார் பெயரில் பதிவு, யார் ஓட்டுவது, திருத்தச் செலவு எப்படிப் பிரிப்பது, ஒருவர் விலகினால் அவரது பங்குக்கு என்ன விலை என்பவற்றை முதலில் எழுதிவைக்கவேண்டும். உறவு கெடாமலிருக்க எழுத்தே காவல். ஓட்டக் கொப்பி ஒன்று வாகனத்திலேயே இருக்கட்டும். யார் எத்தனை கிலோமீற்றர் ஓடினார், எவ்வளவு டீசல் அடித்தார் என்று அதில் பதியுங்கள்.

இடம்பெயர்ந்து வந்த எமக்குக் கையில் எஞ்சிய பெரிய சொத்து அந்த வயல்தான். அதற்குப் போய்வரத்தான் வாகனம். இவ்வருடக் கொப்பியை எடுத்து, வாடகை வாகனங்களுக்கு நீங்கள் கொடுத்த தொகையை எழுதிக் கூட்டுங்கள். அடுத்த பக்கத்தில் கெப்பின் தவணை, டீசல், ரயர், காப்புறுதி ஆகியவற்றைக் கூட்டுங்கள். பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கிடைக்கும் வசதிக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை வீட்டிலுள்ள பெண்களிடமும் கேளுங்கள். அதன் பிறகே விற்பனையாளரின் கடைக்குப் போங்கள்.