பந்தயமும் கணக்கும் – 9: எத்தனை நீளத்தில் வென்றது?

விகிதப் பந்தயத்தில் கட்டிய பணத்துக்கு மேல் எவரும் இழப்பதில்லை என்பதும், புக்கியின் இலாபம் விகிதங்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பதும் முன்னைய வாரங்களில் விளக்கப்பட்டுவிட்டன. அவற்றுள் முதலாவது விதி பொருந்தாத பந்தயமொன்று உண்டு. பிரித்தானியாவில் ‘ஸ்பிரெட்’ என வழங்கும் இடைவெளிப் பந்தயம் அது.

வன்னியின் மாட்டுவண்டிச் சவாரித் திடல்களில் எந்தச் சோடி முந்தியது என்பதோடு, பின்வந்த சோடியை எவ்வளவு தூரம் விட்டு முந்தியது என்பதும் பேசப்படுவதுண்டு. இடைவெளிப் பந்தயம் இந்த இரண்டாவது கேள்வியின் மீது எழுப்பப்பட்டது. எந்தக் குதிரை வெல்லும் என்று பந்தயக்காரர் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளில் ஒரு திடலில் நடக்கும் ஓட்டங்கள் அனைத்திலும் முதற்குதிரைக்கும் இரண்டாம் குதிரைக்கும் இடையிலுள்ள தூரங்களைக் கூட்டினால் வரும் தொகை, நிறுவனம் அறிவித்த எண்ணுக்கு மேலே நிற்குமா, கீழே நிற்குமா என்பதையே அவர் கணிக்கிறார். இத்தூரத்தின் அலகு ‘நீளம்’, அதாவது ஒரு குதிரையின் உடல் நீளம். இது ஏறத்தாழ எட்டு அடி. அரை நீளத்துக்குக் குறைந்த இடைவெளிகள் கழுத்து, தலை, சிறு தலை, மூக்கு என்ற பெயர்களால் குறிக்கப்பட்டு, கணக்குக்காகத் தசம எண்களாக மாற்றப்படுகின்றன.

நிறுவனம் எப்போதும் இரண்டு எண்களையே அறிவிக்கும். ஆறு சமதள ஓட்டங்கள் கொண்ட ஒரு நாளுக்கு 10–11 என்று அறிவிக்கப்பட்டதாகக் கொள்ளலாம். கூட்டுத்தொகை உயரும் என்று கருதுபவர் 11இல் ‘வாங்குகிறார்’. குறையும் என்று கருதுபவர் 10இல் ‘விற்கிறார்’. இருவரும் நீளம் ஒன்றுக்கு 500 ரூபா என வைத்துக்கொள்கின்றனர். இடைவெளிகள் முறையே 1½, ¾, 4, ½, 2¼, 6 நீளமாக அமைந்தால் கூட்டுத்தொகை 15. வாங்கியவருக்கு நான்கு நீளத்துக்கு 2,000 ரூபா கிடைக்கிறது. விற்றவர் ஐந்து நீளத்துக்கு 2,500 ரூபா கொடுக்கிறார். எஞ்சிய 500 ரூபா நிறுவனத்துக்கு உரியது. முடிவு எதுவாயினும், வாங்கியவரும் விற்றவரும் சமமாக இருக்கும்வரை இந்த 500 ரூபா மாறாது. இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வெளியே நிறுவனத்தின் வருமானம்.

பந்தயப் பணம் முழுவதும் தங்கியிருக்கும் இந்த நீளம் எப்படி அளக்கப்படுகிறது என்பது, இத்துறையில் மிகுந்த வியப்புக்குரிய செய்தியாகும். திடலில் எவரும் நாடாவைப் பிடித்து அளப்பதில்லை. உண்மையில் அங்கே அளக்கப்படுவது தூரமே அன்று, நேரம். வெற்றிக்கோட்டை நோக்கி நிறுத்தப்பட்ட படக்கருவி, மெல்லிய செங்குத்துப் பிளவொன்றின் ஊடாக அக்கோட்டை மட்டுமே பார்க்கிறது. அக்கோட்டைக் கடப்பவற்றைக் கணத்துக்குக் கணம் ஒரு கீற்றாகப் பதிந்து, அக்கீற்றுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கியே அது படத்தை உருவாக்குகிறது. ஆகவே அப்படத்தில் இடமிருந்து வலமாகத் தெரிவது திடலின் நிலப்பரப்பு அல்ல, கடந்துபோன நேரம். இரண்டாம் குதிரையின் மூக்கு முதற்குதிரையின் மூக்குக்கு எவ்வளவு பின்னால் தெரிகிறதோ அவ்வளவு நேரம் பிந்தி அது கோட்டைத் தொட்டது என்பதே பொருள். கோட்டைக் கடக்கும் வேகத்துக்கேற்ப ஒரு குதிரையின் உடல் படத்தில் இழுபட்டோ ஒடுங்கியோ தோன்றுவதற்கும் இதுவே காரணம். கோட்டின் மறுபுறத்திலுள்ள கண்ணாடி, முன்னால் ஓடும் குதிரை மறைத்துவிடும் குதிரையின் மூக்கையும் நடுவருக்குக் காட்டிக்கொடுக்கிறது.

பிரித்தானியாவில் இக்கருவி 1947இல் எப்சம் திடலில் முதன்முதலாகப் பயன்பட்டது. இரண்டு ஆண்டுகளின் பின் அதே திடலில் நடந்த 1949ஆம் ஆண்டு டார்பி ஓட்டத்தில் நிம்பஸ், அமூர் டிரேக், சுவாலோ டெயில் என்ற மூன்று குதிரைகள் ஒன்றுக்கொன்று ஒரு தலை இடைவெளியில் கோட்டைக் கடந்தபோது, டார்பியின் முடிவு முதன்முறையாகப் படத்தைப் பார்த்து அறிவிக்கப்பட்டது. மறுமுனையில், 1981இல் ஷெர்கார் அதே டார்பியைப் பத்து நீளத்தில் வென்றது. 1973இல் நியூயோர்க்கின் பெல்மொன்ட் ஓட்டத்தை செக்ரட்டேரியட் 31 நீளத்தில் வென்றது. ஒரே அலகின் இவ்விரு முனைகளுக்கும் இடையிலேயே இடைவெளிப் பந்தயத்தின் பணம் ஊசலாடுகிறது.

படத்தில் கிடைத்த நேரத்தை நீளமாக மாற்றுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். பிரித்தானியாவில் சமதளப் புற்றரை உறுதியாக இருக்கும் நாளில் ஒரு செக்கனுக்கு ஆறு நீளம் எனக் கணக்கிடப்படுகிறது. தரை ஈரமாகிக் குதிரைகளின் வேகம் குறையும் நாளில் அவ்வெண்ணும் குறைக்கப்படுகிறது. எனவே அரைச் செக்கன் இடைவெளி உறுதியான தரையில் மூன்று நீளம். செக்கனுக்கு ஐந்து நீளம் எனக் கொள்ளும் நாளில் அதுவே இரண்டரை நீளம். நீளத்துக்கு 500 ரூபா வைத்தவருக்கு இந்த அளவுகோல் மாற்றம் ஓர் ஓட்டத்திலேயே 250 ரூபா வித்தியாசம். ஆயினும் சேற்றுத் தரையில் குதிரைகள் களைத்துச் சிதறி, நேர இடைவெளிகள் மிகவும் அகன்றுவிடுவதால், மழை நாட்களில் கூட்டுத்தொகை பெரும்பாலும் உயர்கிறது. பந்தயக்காரர்கள் குதிரைகளுக்கு முன்னர் வானிலையை ஆராய்வதற்கு இதுவே காரணம்.

விற்றவரின் நிலை இங்கேதான் கவலைக்குரியதாகிறது. மேற்சொன்ன ஆறு ஓட்டங்களும் மழை நாளொன்றில் 3, 7, 12, 1, 5, 4 என முடிந்தால் கூட்டுத்தொகை 32. விற்றவர் 22 நீளத்துக்கு 11,000 ரூபா கொடுக்க வேண்டும். வாங்கியவரின் இழப்புக்கு இயல்பான எல்லை ஒன்றுண்டு. இடைவெளிகள் எல்லாம் பூச்சியத்தை நெருங்கினாலும் அவர் 5,500 ரூபாவுக்கு மேல் இழக்க முடியாது. விற்றவருக்கோ நிறுவனம் வைக்கும் உச்ச வரம்பே எல்லை. ஓட்டத்துக்கு 12 நீளம் என வரம்பிட்டாலும் அவருடைய இழப்பு 31,000 ரூபா வரை செல்லலாம். இருவரும் வாயால் சொன்ன தொகை 500 ரூபா மட்டுமே.

1974இல் ஸ்டூவர்ட் வீலர் நிறுவிய ஐ.ஜி. இன்டெக்ஸ், தங்கத்தின் விலையை ஒட்டியே இம்முறையைத் தொடங்கியது. விளையாட்டுக்கென ஸ்போர்ட்டிங் இன்டெக்ஸ் 1992இல் தோன்றியது. அந்த மரபின் காரணமாக பிரித்தானியாவில் இடைவெளிப் பந்தயத்தைச் சூதாட்ட ஆணைக்குழு அன்றி நிதி நடத்தை அதிகாரசபையே கண்காணிக்கிறது. சாதாரணப் பந்தயக் கடனை நீதிமன்றத்தில் அறவிட முடியாதிருந்த காலத்திலேயே, இப்பந்தயத்தின் கடனை அறவிட அங்கு சட்டம் இடமளித்தது. எனவே இதில் தோற்றவர், சட்டத்தின் பார்வையில் கடன்காரராகவே எழுந்து செல்கிறார்.

இலங்கையின் பந்தய நிலையங்களில் வழக்கமாகக் கட்டப்படுவது வெற்றி, இடம் என்ற பந்தயங்களே. ஆயினும் பிரித்தானியாவின் பகல் ஓட்டங்கள் வன்னியின் மாலைப்பொழுதில் கைத்தொலைபேசித் திரைக்கு வந்துவிடும் இக்காலத்தில், ஒரு பந்தயத்தின் தோற்றமும் அதன் சுமையும் வேறுவேறாக இருக்கலாம் என்பது இங்கும் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். வாங்கிய சிறு தொகை வாரத் தவணைகளால் எப்படிப் பெருஞ்சுமையாகிறது என்பதை நுண்கடன் இம்மண்ணின் குடும்பங்களுக்கு ஏற்கனவே கற்பித்திருக்கிறது. 500 ரூபா என்று சொல்லப்படும் ஒரு பந்தயத்தில் கேட்க வேண்டிய முதற்கேள்வி, எவ்வளவு கிடைக்கும் என்பதன்று. மிக மோசமான நாளில் எவ்வளவு கொடுக்க நேரும் என்பதே.

நிறுவனம் அந்த 10–11ஐ எங்கிருந்து பெறுகிறது, ஓட்டம் ஓட்டமாக அதை எப்படி நகர்த்துகிறது என்பதை இவ்வாரமே விளக்குவதாக இருந்தது. நீளத்தின் கணக்கு இடம் முழுவதையும் எடுத்துக்கொண்டதால் அது அடுத்த வாரத்துக்குச் செல்கிறது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் சென்னைக் கிண்டித் திடலின் வழக்கில் அளித்த தீர்ப்பும், அத்திறமை இடைவெளிப் பந்தயத்தில் எவரிடம் இருக்கிறது என்ற கேள்வியும் அதனுடன் சேர்த்தே ஆராயப்படும்.

(தொடரும்)