துருப்பிடித்த பழைய காரைத் தாங்கி நிறுத்துதல்

துருப்பிடித்த காரின் அடிப்பாகத்தை வெட்டிப் புதுத் தகடு பற்றவைக்கும்போது, காரின் எடையை உறுதியான இடங்களின் வழியாகத் தரைக்கு இறக்கி, அது நகராமலும் சரியாமலும் வளையாமலும் பார்த்துக்கொள்ளும் முறையே தாங்கி நிறுத்துதல் ஆகும். புதிய காரைத் தூக்குவதும் பழைய காரைத் தூக்குவதும் ஒன்றல்ல. ஜாக்கி வைக்கும் இடம் என்று தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த இடமே பழைய காரில் பெரும்பாலும் முதலில் அரித்துப் போயிருக்கும்.

விக்கிரவாண்டி, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் சாலை பிரியும் ஊர். கார்கள் துருப்பிடிப்பதற்கான காரணங்கள் இந்த வட்டாரத்தில் அதிகம். கிழக்கே வங்கக் கடலும் மரக்காணம் உப்பளங்களும் இருக்கின்றன. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் மழையில் விழுப்புரம் மாவட்டத்தின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. வெள்ளத்தில் நின்ற கார் ஒரு வாரத்தில் காய்ந்துவிட்டதுபோலத் தெரியும். ஆனால் மூடிய பெட்டிபோல அமைந்த அடிப்பகுதிகளுக்குள் புகுந்த சேறு மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அங்கே துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு காகிதமாகியிருக்கும்.

சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டுவதற்கு முன்பு அவசரமாக அடிப்பாக வேலை பார்க்கும் உரிமையாளர்கள் உண்டு. அவசரம்தான் இந்த வேலையில் ஆபத்தானது.

எடையைத் தாங்குவது எது

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, மாருதி 800 ஆகிய மூன்றிலும் தனிச் சேசிஸ் கிடையாது. தரைத்தகடு, கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவப் பகுதி, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்தே எடையைத் தாங்குகின்றன. கதவுகளுக்குக் கீழுள்ள அந்தப் பகுதியைப் பட்டறைகளில் ரன்னிங் போர்டு என்பார்கள். பழைய ஜீப்புகளிலும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரிலும் கீழே தனிச் சேசிஸ் உண்டு. அவற்றில் தரைத்தகடு முழுதும் ஓட்டையானாலும் சேசிஸ் நன்றாக இருந்தால் வண்டி நிற்கும். அம்பாசிடரில் ரன்னிங் போர்டு போய்விட்டால் வண்டியின் முதுகெலும்பே போய்விட்டது என்று பொருள். 2014-இல் உற்பத்தி நின்ற அந்தக் காரை இன்றும் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

அம்பாசிடர் ஒரு டன்னுக்கு மேல் எடை கொண்டது. மாருதி 800 ஏறத்தாழ 650 கிலோ. சிறிய கார்தானே என்ற எண்ணம் தவறு. அதன் எடையில் நான்கில் ஒரு பங்கு நெஞ்சின்மீது இறங்கினாலே மூச்சுவிட முடியாது.

நல்ல இரும்பைக் கண்டுபிடித்தல்

சோதனையை வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதே தொடங்க வேண்டும். சர்வீஸ் குழி இருந்தால் அதன்மேல் நிறுத்திப் பார்ப்பது நல்லது. அடிப்பாகத்தில் பூசிய கறுப்புப் பூச்சை நம்பக்கூடாது. பல கார்களில் அந்தப் பூச்சும், முன்பு யாரோ அப்பிய பட்டியும்தான் ஓட்டையை மூடிக்கொண்டிருக்கும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மொத்தென்று மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பார்க்க வேண்டும். துருத்தூள் நேராகக் கண்ணில் விழும் வேலை இது. கண்ணாடி அணியாமல் செய்யக்கூடாது.

ரன்னிங் போர்டு கெட்டிருந்தாலும் வேறு சில இடங்கள் பொதுவாகத் தாங்கும். பின்பக்க ஆக்சில் ஹவுசிங், முன்பக்கம் சஸ்பென்ஷனைப் பிடித்திருக்கும் குறுக்குச் சட்டம் போன்றவை கனமான இரும்பால் ஆனவை. அவை எளிதில் அரிப்பதில்லை. ஆனால் அவை உடலோடு சேரும் இடம் அரித்திருக்கலாம். அம்பாசிடரில் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் உடலோடு மாட்டும் இடங்களைத் தனியே தட்டிப் பார்க்காமல் ஆக்சிலின்கீழ் ஸ்டாண்டு கொடுப்பதில் பொருளில்லை. ஆக்சில் அப்படியே நிற்க, உடல் மட்டும் கீழே இறங்கிவிடக்கூடும். தரைத்தகடு, எஞ்சின் ஆயில் தொட்டி, ஸ்டியரிங் கம்பிகள் ஆகியவற்றின்கீழ் எதையும் கொடுக்கக்கூடாது.

ஜாக்கியும் ஸ்டாண்டும்

ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. ஹைட்ராலிக் ஜாக்கியின் எடையைத் தாங்குவது ஒரு ரப்பர் சீல். அது கசிந்தால் ஜாக்கி மெதுவாகவும் இறங்கும், திடீரென்றும் இறங்கும். காரோடு வரும் கத்தரி ஜாக்கி, சாலையோரத்தில் டயர் மாற்றுவதற்கென்று செய்தது. தூக்கியவுடன் எடையை ஸ்டாண்டுக்கு மாற்றிவிட வேண்டும். அதன்பிறகும் ஜாக்கியை லேசாகத் தொட்டபடி விட்டுவைப்பது கூடுதல் காப்பு.

ஸ்டாண்டு இல்லாத இடங்களில் செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அடுக்குகிறார்கள். பரவலாக எடை வந்தால் கல் தாங்கும். இரும்பின் ஒரு முனை குத்தினாலோ சுத்தியல் அதிர்ந்தாலோ முன்னறிவிப்பின்றி நொறுங்கும். கனமான மரக்கட்டைகளை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்குவது இதைவிட எவ்வளவோ மேல். மரம் உடையுமுன் நசுங்கும், முனகும். அடுக்கின் உயரம் அதன் அடி அகலத்தைத் தாண்டாமலிருப்பது நல்லது. ஸ்டாண்டின் தலைக்கும் காருக்கும் இடையே ஒரு கனமான மரத்துண்டு வைத்தால், மெலிந்த தகட்டில் எடை ஒரே இடத்தில் குத்தாமல் பரவும்.

தரையையும் பார்க்க வேண்டும். மழையில் ஊறிய மண்ணில் ஸ்டாண்டின் கால் புதையும். கத்திரி வெயிலில் தார்த் தரையும் இளகி அப்படியே செய்யும். ஒரு தடித்த இரும்புத் தகட்டையோ பலகையையோ அடியில் போட வேண்டியிருக்கும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் கைப்பிரேக்கை நம்பிப் பயனில்லை. கழற்றிய சக்கரங்களைப் படுக்கவைத்து உடலின் அடியில் தள்ளிவிடுவது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். எல்லாம் தவறினாலும் ஆள் நசுங்காத அளவுக்கு இடைவெளி கிடைக்கும். கீழே நுழையுமுன் காரைப் பக்கவாட்டில் உறுதியாக அசைத்துப் பார்க்க வேண்டும். விழுவதானால் அப்போதே விழட்டும்.

வெட்டும்போது

உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. காலையில் தாங்கிக்கொண்டிருந்த இடத்தை மத்தியானம் கட்டிங் வீல் வெட்டி எடுத்திருக்கும். எந்தத் தகட்டை எடுத்தால் எடை எந்தப் பக்கம் போகும் என்பதை ஒவ்வொரு வெட்டுக்கு முன்பும் யோசிக்க வேண்டும். முன், பின் ஆக்சில்களில் மட்டும் தாங்கிய காரில் ரன்னிங் போர்டை வெட்டினால், நடுப்பகுதி தொய்ந்து கதவு வாசல் குறுகும். அந்த நிலையிலேயே புதுத் தகட்டைப் பற்றவைத்துவிட்டால் கதவு ஒருபோதும் சரியாக மூடாது. அதனால்தான் வெட்டுமுன் கதவு வாசலுக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பைத் தற்காலிகமாகப் பற்றவைக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டுவதில்லை. குறுக்கிரும்பு வைக்குமுன் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பதும், வாசலின் மூலைக்கு மூலை நீளத்தை அளந்து வைத்துக்கொள்வதும் நல்ல அளவுகோல்கள்.

பற்றவைக்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டேங்கையும் அருகில் ஓடும் பெட்ரோல் குழாயையும் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். காலி டேங்கிலும் ஆவி இருக்கும். அடிப்பூச்சும் தரைவிரிப்பும் எளிதில் தீப்பிடிக்கும். காரின்கீழ் படுத்திருப்பவரால் சட்டென்று வெளியே வர முடியாது.

தனியாக இந்த வேலையைச் செய்யக்கூடாது. அழுத்தத்தில் மூச்சு நின்றால் சில நிமிடங்களே அவகாசம். அருகில் இருப்பவர் கையால் தூக்க முயல்வதைவிட இன்னொரு ஜாக்கியைத் தயாராக வைத்திருந்து தூக்குவதே பயன் தரும். உடனே 108-க்கு அழைக்க வேண்டும். விக்கிரவாண்டிக்கு அருகே முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

இறக்கும்போதும் அதே கவனம் தேவை. பற்றவைத்த இடம் நன்றாக ஆறிய பின், கீழே யாருமில்லை என்று பார்த்துவிட்டு, பழைய உறுதியான இடத்தில்தான் ஜாக்கியைக் கொடுத்துச் சற்றே தூக்கி ஸ்டாண்டுகளை எடுக்க வேண்டும். புதுத் தகட்டில் ஜாக்கி வைத்துப் பார்க்கும் ஆசையைச் சிலரால் அடக்க முடிவதில்லை. கார் சக்கரங்களில் இறங்கி, கதவுகள் சரியாக மூடுவதைப் பார்த்த பிறகே குறுக்கிரும்பை வெட்டி எடுக்கிறார்கள்.